தண்ணீர் வந்தால் யாரை எழுப்புவது?

காஞ்சிபுரத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நெசவாளர் வீடுகளில் தூக்கம் குறையும். பருவமழை நாலு நாள் விடாமல் பிடித்தால் நிலத்தடி நீர் ஏறி, தறிக்குழிக்குள் ஊற ஆரம்பிக்கும். கூரை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துச் சமாளிக்கலாம். குழியில் ஊறும் தண்ணீர் சத்தம் போடாது. ராத்திரி எல்லோரும் படுத்தபின் அடியிலிருந்து கசிந்து, காலையில் மிதியில் கால் வைக்கப் போகும்போதுதான் தன்னைக் காட்டும்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிப்பார். பாவு, அதாவது நீளவாக்கு நூல்கள், தரைக்குச் சற்று மேலேதான் இழுத்துக் கட்டியிருக்கும். நெய்யநெய்யப் புடவை படமரத்தில் சுருண்டுகொண்டே வரும். தண்ணீர் குழியோடு நின்றால் அன்றைய வேலை நிற்கும், மிதிக்கட்டைகள் ஊறி உப்பும், மண் குழியாக இருந்தால் ஓரம் சரியும். வீடு முழுக்க ஈரம் ஏறும்போது ஜரிகை கறுக்க ஆரம்பிக்கும். தண்ணீர் தரைக்கு மேலேயே வந்துவிட்டால் பாவு போயிற்று. அந்தப் பாவும் ஜரிகையும் பெரும்பாலும் நெய்கிறவருடையவை அல்ல. சொசைட்டியோ முதலாளியோ கொடுத்தவை. கூலி போவதோடு, பொருளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ஓரிக்கையில். மகா பெரியவர் மணிமண்டபம் இருக்கும் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். பாலாறு பக்கத்திலேயே இருக்கிறது. 2015 மழையையும், 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தையும் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் இன்னும் தேதியோடு பேசுவார்கள். பெரியப்பா எங்கள் வீட்டுத் தறிக்குழியில் கால் விட்டு நெய்துதான் என்னை டிப்ளமா படிக்க வைத்தார். படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். மழை வலுக்கும் ராத்திரிகளில் அங்கே ஷிப்டில் நின்றுகொண்டு, வீட்டில் குழி என்ன ஆயிற்றோ என்று தவிப்பேன். அந்தத் தவிப்பை யாரிடமும் சொன்னதில்லை. தறியை விட்டு வந்தவனுக்கு அதைச் சொல்லும் உரிமை இருக்கிறதா என்ற கூச்சம் எனக்குள் இருந்தது. குழியில் தண்ணீர் ஏறினால் சொல்லும் கருவி ஒன்றை நான் செய்யப்போனதற்கு உண்மையான காரணம் அந்தக் கூச்சம்தான்.

கையில் கிடைத்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் சிசி3100 பூஸ்டர்பேக். 2014இல் வந்த சிவப்பு நிறப் போர்டு. தனியாக அது எதையும் செய்யாது. எம்எஸ்பி430 மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும் லாஞ்ச்பேட் போர்டின் தலைமேல் பின்னுக்குப் பின் பொருந்தி உட்காரும். வைஃபை இணைப்பு, இணைய நெறிமுறைகள், தகவலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பு எல்லாமே அதிலுள்ள சிசி3100 சிப்புக்குள் அடங்கியிருப்பதால் கீழே இருக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்குப் பாரம் கிடையாது. இந்தியாவில் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த 2005 முதல் உரிமம் தேவையில்லை. ஒரு நெசவாளி வீட்டுச் சுவரில் இப்படி ஒன்றை மாட்ட யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் போர்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மின்னோட்டத்தை அளப்பதற்கென்றே வைத்திருக்கும் ஜம்பர். அதைக் கழற்றி மீட்டரைக் குறுக்கே மாட்டினால் சிப்பு எப்போது தூங்குகிறது, எப்போது விழிக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆழ்ந்த தூக்கத்தில் அது எடுப்பது 4 மைக்ரோ ஆம்பியர். விழித்து ரவுட்டரின் குரலைக் கேட்கும்போது 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும். முழுச் சக்தியில் அனுப்பும்போது 220ஐத் தாண்டும். எழுந்தவுடன் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் கணத்தில் 450 வரைகூடத் தாவும். பழைய செல் இரண்டைப் போட்டால் அந்த ஒரு தாவலுக்கே மின்னழுத்தம் சரிந்து போர்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் பக்கத்தில் போட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். மைக்ரோகன்ட்ரோலரும் சேர்ந்து தூங்கும்போது செலவு சுமார் 6 மைக்ரோ ஆம்பியர். ரவுட்டரைத் தேடிச் சேர்ந்து ஒரு செய்தியை அனுப்ப 5 விநாடி, சராசரி 70 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அந்த 5 விநாடி விழிப்புக்கு ஆகும் மின்சாரத்தில் அது 16 மணி நேரம் தூங்கலாம். நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி "தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை" என்று சொல்ல வைத்தால் இரண்டு பேனா செல்லும் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். எழுப்பாமல் விட்டால் கணக்குப்படி 30 வருடத்துக்கு மேல் போகும். அதற்கு ரொம்ப முன்பே செல் தானாகவே கெட்டுவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் வைஃபை என்று விளம்பரத்தில் படிக்கிறோம். பேசும் நேரத்தில் அது குறைவாக எடுப்பதில்லை. பேசாத நேரத்தில்தான் ஏறக்குறைய ஒன்றுமே எடுப்பதில்லை. ஆகவே யார் அதை எழுப்புவது என்பதுதான் முழு வேலையும்.

தண்ணீரே எழுப்பட்டும் என்று முடிவு செய்தேன். குழியின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இரண்டு கம்பி முனைகள். நடுவில் தண்ணீர் வந்தால் மெல்லிய மின்னோட்டம் கடக்கும், மைக்ரோகன்ட்ரோலர் விழிக்கும், அது சிசி3100ஐ எழுப்பும். செம்புக் கம்பி ஈரத்தில் பச்சை பூத்துவிடும் என்பதால் எவர்சில்வர் கம்பி. போர்டைக் குழிக்குள் வைக்கக் கூடாது. மண்ணும் ஈரமும் ரேடியோ அலையை விழுங்கிவிடும். தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியின் இரும்புக்கு ஒட்டினாற்போலும் வைக்கக் கூடாது. எதிர்ச்சுவரில் ஆள் உயரத்தில் போர்டு, அங்கிருந்து குழிக்குள் ஒயர். லாஞ்ச்பேட்டில் புரோகிராம் ஏற்றுவதற்கென்று இருக்கும் பாதி, தன் பங்குக்கு மின்சாரம் தின்னும். நடுவில் இருக்கும் ஜம்பர்களைப் பிடுங்கிவிட்டால்தான் மேலே சொன்ன கணக்கு நிற்கும்.

மாட்டுவதற்கு முன் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் ஊடைநூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையை நிறுத்திவிட்டு, போர்டைக் கையில் வாங்காமலே கேட்டார்.

"இது யாருக்குச் சொல்லும்?"

"என் போனுக்கு வரும் பெரியப்பா. உங்க போனுக்கும் வரும்."

"என் போனு சார்ஜுல கிடக்கும், நான் தூங்கிட்டிருப்பேன். நீ ஸ்ரீபெரும்புதூர்ல இருப்ப. உனக்குத் தெரிஞ்சு நீ என்ன பண்ணுவ?"

"போன் பண்ணி எழுப்புவேன்."

"அடைமழையில கரண்டு இருக்குமா கண்ணு?"

என்னிடம் பதில் இல்லை. மழை வலுத்துக் கம்பி அறுந்தாலோ, தெருவில் தண்ணீர் நின்றாலோ மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும், உயிர் பெரிது. மின்சாரம் போனால் ரவுட்டர் அணையும். செல்லில் ஓடும் என் போர்டு உயிரோடு இருக்கும், பேச ஆள் இருக்காது. குழியில் தண்ணீர் ஏறும் ராத்திரியும் மின்சாரம் இல்லாத ராத்திரியும் பெரும்பாலும் ஒரே ராத்திரிதான். பெரியப்பாவுக்கு அது அனுபவம். எனக்கு அந்தக் கேள்வி வரும்வரை அது தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் யோசித்ததெல்லாம் என் போனைப் பற்றித்தான். என் தவிப்பு தீர ஒரு கருவி செய்துகொண்டிருந்தேன். குழிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பவர் அவர்.

அவர் கேட்டதோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. ரவுட்டர் இல்லாதபோது போர்டு சும்மா இருக்காது. குழந்தை தாயைத் தேடுவதுபோல விடாமல் தேடும். தேடுவது என்றால் கேட்டுக்கொண்டே இருப்பது. அதற்கு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அப்படியே விட்டால் ஒன்றரை நாளில் செல் காலி. பல மாதம் தாங்கும் என்று நம்பி மாட்டிய பொருள், தேவைப்படும் அந்த வாரத்திலேயே செத்துக் கிடக்கும்.

வரிசையை மாற்றினேன். தண்ணீர் பட்டதும் முதலில் பஸ்ஸர் அடிக்கும். அதற்கு வைஃபையும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம், சில மில்லி ஆம்பியர் போதும். அடித்த பிறகுதான் வைஃபை எழும். ரவுட்டர் கிடைக்கவில்லையா, தேடுவதை நிறுத்திவிட்டுத் தூங்கும். சற்று நேரம் கழித்து மறுபடி, அடுத்தது இன்னும் நீண்ட இடைவெளி விட்டு. தினம் காலையில் ஒரே ஒரு முறை, நான் இருக்கிறேன் என்று என் போனுக்குச் சொல்லும். அந்த ஒரு செய்தி இல்லாவிட்டால், சத்தமில்லாமல் இருப்பது தண்ணீர் இல்லாததாலா, செல் தீர்ந்ததாலா என்று யாருக்கும் தெரியாது.

சோதனைக்குப் பெரியம்மா ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றினார். பஸ்ஸர் அடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் என் போனில் செய்தி வந்தது. பெரியப்பா போனைப் பார்க்கவில்லை. பஸ்ஸரைத் தலைமாட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொன்னார்.

அந்த ஐப்பசியிலேயே அது அடித்தது. ராத்திரி கரண்டு இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் எழுந்து, படமரத்தில் இருந்த புடவையைத் துணியாலும் பாலிதீனாலும் சுற்றி, மிதிகளை அவிழ்த்து மேலே எடுத்துவைத்து, தண்ணீரை இறைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்குச் செய்தி வரவில்லை. மறுநாள் போனில் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமே இல்லை. எவ்வளவோ மழைக்காலங்களாக மனசில் கிடந்த கூச்சம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது.

இப்போது இதைச் செய்ய அந்தச் சிவப்புப் போர்டுதான் வேண்டும் என்றில்லை. அதே 2014இல் பரவ ஆரம்பித்த இஎஸ்பி8266 சிப்பு உள்ள போர்டுகள் இன்னும் மலிவு. அந்தச் சிப்பு ஆழ்ந்த தூக்கத்தில் 20 மைக்ரோ ஆம்பியர் அளவு எடுக்கும், இந்த வேலைக்கு அது தாராளம். கைவசம் இருப்பதை வைத்தே செய்யலாம்.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஏதாவது ஒரு இணையக் கருவி செய்யத்தானே போகிறீர்கள்? ஆடி மாதத்திலேயே ஒரு தறி வீட்டுக்குப் போங்கள். மழை நாளில் ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள், கரண்டு எப்போது போகும், பாவு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பஸ்ஸரை மாட்டுங்கள், பிறகு வைஃபை. ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடியட்டும்.