நம் வயல் தண்ணீர் போய்ச் சேரும் இடம்

சம்பா அறுவடைக்கு முன்னால் வயல் தண்ணீரை வடித்துவிட்டால், பத்து நாள் நமக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் இந்தத் தை மாதம் மனைவி, பேரனோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனேன். மன்னார்குடி பக்கத்தில் பிறந்து வளர்ந்தும், 58 வயது வரை அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. பேரன் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு நச்சரித்ததால் கிளம்பினோம்.

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்பவானோடையில் படகு ஏறினோம். படகு போவது கோரையாற்றில். "தாத்தா, இது நம்ம ஊர்ப்பக்கம் ஓடுற ஆறுதானே?" என்றான் பேரன். அதேதான். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாறு வழியாக நீடாமங்கலம் மூணாறு தலைப்பை அடைந்து, அங்கே கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. வாய்க்காலில் பாய்ந்து, வயலில் நின்று, வடிகாலில் இறங்கும் தண்ணீரும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்து சேருகிறது. போன வாரம் நான் வடித்துவிட்ட தண்ணீரும் இதில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போகப்போக இரண்டு கரையிலும் பச்சைச் சுவர் மாதிரி மரங்கள். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்தபடி கிளைகளில் உட்கார்ந்திருந்தன. கொக்குகளை எண்ண ஆரம்பித்த பேரன் நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டான். பிறகு ஆறு அகன்று, கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். இதைத்தான் லகூன் என்கிறார்கள். கடல் அருகில் இருந்தும் பெரிய அலை இல்லை; ஏரி மாதிரி கிடக்கிறது. தூரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. ஐப்பசி முதல் மாசி வரை வெளிநாட்டுப் பறவைகளும் வரும் என்றார் படகோட்டி.

ஓரமாகப் படகை நிறுத்தினார். சேற்றுக்கு மேலே பென்சில் குத்தி வைத்தது போல ஆயிரக்கணக்கான வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், வேரே மேலே வந்து மூச்சு விடுகிறது. ஒரு அலையாத்தி இலையை விரலால் தடவி நாக்கில் வைக்கச் சொன்னார், உப்புக் கரித்தது. மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறதாம். ஆனால், கண்ட இலையையும் தொடக்கூடாது. இங்கிருக்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

"தண்ணியெல்லாம் வீணா கடலுக்குப் போகுதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். படகோட்டி சிரித்தார்.

"அய்யா, உங்க தண்ணி வந்தாத்தான் எங்களுக்கு இறால். கோடையில ஆத்துத் தண்ணி நின்னுபோனா, இங்க கடலைவிட உப்பு ஏறிடும். மரம் வாடும். எறா குஞ்சு தங்காது."

கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் இந்த உவர் நீருக்குள் வந்து, வேர்களுக்கு இடையே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. ஆற்றுத் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கடல் நீரும் ஆற்றில் ஏறி வராது. கடைமடை விவசாயிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் காடும் ஒரு காலத்தில் விறகுக்காகக் கூறு கூறாக மொட்டையடிக்கப்பட்டது. வெட்டிய இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, மரமே முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் வந்து போக வழி செய்து, கன்றுகளை நட்டார்கள். வடிகால் இல்லாத வயலில் உப்புப் பூப்பது நமக்குத் தெரியாதா? வைத்தியமும் அதேதான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டையும் முறித்துப் போட்டது. அதே இரவில் என் தோப்பிலும் 40 தென்னை சாய்ந்தன. காடு துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது படகோட்டி இன்னொன்றும் சொன்னார்: "தண்ணியோட மருந்து டப்பாவும் வருதுய்யா." எனக்குச் சுருக்கென்றது. மருந்து அடித்த கைத்தெளிப்பானை இத்தனை வருடமும் வடிகாலில்தான் கழுவியிருக்கிறேன். மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வரப்போரம் ஒரு தொட்டியில் கழுவி, அந்தத் தண்ணீரை மறுபடி அதே வயலுக்கே தெளித்துவிடுகிறேன். காலி டப்பாக்கள் சாக்கில் சேருகின்றன.

போக நினைப்பவர்களுக்கு: முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் படகு, அனுமதி, கட்டணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புங்கள். குடிநீர், சாப்பாடு, தொப்பி எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நம் ஆறு எங்கே போய் முடிகிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.