குதிரை டிரெய்லரில் கோணலாகத் தேயும் டயர்

அமெரிக்கப் பண்ணைகளில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரு குதிரை டிரெய்லருக்குப் பெரும்பாலும் இரண்டு அச்சு, நான்கு சக்கரம். வளர்ந்த குதிரை ஒன்றின் எடை ஏறக்குறைய 500 கிலோ. அது நின்றுகொண்டே பயணிக்கும், திருப்பத்தில் காலை மாற்றி ஊன்றும். காலியாக இருக்கையில் நேராகத் தெரியும் அச்சு, குதிரை ஏறியதும் வேறு கோணத்துக்குப் போய்விடலாம். டயரைத் தின்னும் குறை பட்டறையில் பல நேரம் அகப்படாததற்கு இது ஒரு காரணம். அங்கே டிரெய்லர் காலியாகத்தான் வந்து நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு பட்டன் மட்டும் மிஞ்சியிருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் அதிகம். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்டி வகை டயர்கள் கார் டயரைவிட மிக அதிகக் காற்றைக் கேட்பவை. 225/75 ஆர்15 அளவில், டி சுமைத் தரம் கொண்ட டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 65 பிஎஸ்ஐ வேண்டும். காருக்குப் பிடிப்பதுபோல் 35 பிடித்தால் ஓரம் தேய்வதோடு நிற்காது. டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். அளவு பார்ப்பது கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

காற்று சரியாக இருந்தும் ஓர் ஓரம் மட்டும் போகிறதென்றால் சந்தேகம் அச்சின் மேல் விழ வேண்டும். டிரெய்லர் அச்சின் நடுப்பகுதி பொதுவாகச் சற்று மேல்நோக்கி வளைந்தே வரும், சுமை ஏறியதும் நேராவதற்காக. அளவுக்கு மீறி ஏற்றினாலோ பள்ளத்தில் பலமாக விழுந்தாலோ அது நிரந்தரமாகத் தொய்ந்து, டயரின் உள் ஓரம் கரையும். குதிரைகளோடு எடைமேடையில் ஏற்றி ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் தனியாகப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பலர் இதைச் செய்யாமலே புது டயர் வாங்குகிறார்கள். அதையும் பழைய குறையே தின்றுவிடுகிறது.

பட்டன்களின் மேல் குறுக்காகக் கையை ஓட்டும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல்லாகவும் தட்டுப்பட்டால், சக்கரம் போகும் திசைக்கு நேராக இல்லை. கொண்டியின் மையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்தால் தெரியும். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் யூ போல்ட் நகர்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருக்கும். அங்கங்கே குழி விழுந்த தேய்மானத்துக்குப் பெரும்பாலும் பேரிங் தளர்வோ பாலன்சிங் குறையோ காரணம். குதிரைகளை இறக்கிவிட்டு ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு புலப்படும். ஒரே இடத்தில் மட்டும் மொட்டையானது பிரேக் பூட்டிக்கொண்டதன் அடையாளம்.

முன் அச்சு டயரும் பின் அச்சு டயரும் வேறு வேறு வேகத்தில் தேய்வது தனிக் கதை. பட்டை ஸ்பிரிங் உள்ள டிரெய்லரில் இரண்டு அச்சுக்கும் நடுவிலுள்ள இணைப்பு பாரத்தைப் பங்கிட்டுவிடும். ரப்பர் வைத்த டார்ஷன் அச்சில் அந்த வசதி இல்லை. முன்பு இழுத்த வண்டியைவிட உயரமான பிக்கப்பை மாட்டினால் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு பாரமெல்லாம் பின் அச்சுக்குப் போகும். சமதளத்தில் நிறுத்தி, சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதே இதற்குச் சோதனை. கொண்டியின் உயரத்தை மாற்றினால் தீர்ந்தது.

எல்லாத் தேய்மானமும் குறையல்ல. அமெரிக்காவில் ஒற்றைக் குதிரையை இடப்பக்கம் ஏற்றுவது வழக்கம். சாலை வலப்புறம் சரிவதால் அப்படி. இடது டயர்கள் கொஞ்சம் முந்தித் தேய்ந்தால் பதற வேண்டியதில்லை. இரட்டை அச்சு வண்டியைக் குறுகிய இடத்தில் திருப்பும்போது டயர் பக்கவாட்டில் இழுபடுவதும் தவிர்க்க முடியாதது.

டயரை இடம் மாற்றிப் போடுவதாக இருந்தால், எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவிட்டுக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தடயம் கலைந்துவிடும். பக்கச் சுவரிலுள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் அப்போதே படிக்கலாம்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. குதிரை டிரெய்லர் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் பட்டன் தேயுமுன் ரப்பர் கிழடாகிவிடுகிறது. வெடிப்பு விட்ட பழைய டயரின் தேய்மானத்தை ஆராய்ந்து பயனில்லை; கழற்றிப் போட வேண்டியதுதான்.