ஒத்து வராத அளவீடுகள்



சென்ற வியாழக்கிழமை மாலை, நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி வேதியியல் ரெக்கார்டு நோட்டுடன் குருமனைக்கு வந்தாள். இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் நான் வேதியியலில் பட்டம் பெற்றவன் என்பதை அவளுடைய தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறார். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது; பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை ஒருமுறை விளக்கவேண்டும் என்று கேட்டாள்.

நோட்டைப் புரட்டியபோது முதலில் ஒரு வரியைத் திருத்தவேண்டியிருந்தது. பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று எழுதியிருந்தாள். தலைமுறை தலைமுறையாக மாணவர் செய்துவரும் பிழை இது, நானும் செய்திருக்கிறேன். பிணைப்பை உடைப்பதற்கு ஆற்றலைச் செலவிடவேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படுகிறது. அடுப்பில் விறகு எரிந்து வெப்பம் தருவது, அதிலுள்ள பழைய பிணைப்புகள் உடைவதால் அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு ஏற்படுத்திக்கொள்ளும் புதிய பிணைப்புகள் அவற்றைவிட வலியவை என்பதால். இதைச் சொன்னபோது, "அப்படியானால் உடைவதில் லாபமே இல்லையா, ஐயா?" என்று கேட்டாள். உடைவதில் மட்டும் இல்லை என்றேன்.

பிறகு பெர்மாங்கனேட்டுக்கு வந்தோம். கூம்புக் குடுவையில் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம். அதனோடு நீர்த்த கந்தக அமிலம். குடுவையை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, பியூரெட்டிலிருந்து ஊதாநிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச்சொட்டாக விடவேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் உடனே மறையாது. இளஞ்சிவப்பு தயங்கித்தான் மறையும். சில சொட்டுகளுக்குப் பின்னரோ விழவிழ மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அவ்வினையை விரைவுபடுத்துவதுதான் காரணம். ஆக்சலேட்டில் இரு கார்பன்களையும் சேர்த்துவைத்திருந்த பிணைப்பு அறுந்து, ஒவ்வொன்றும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசைச் சூழ்ந்திருந்த நான்கு ஆக்சிஜன்களும் ஹைட்ரஜனோடு கூடி நீராகின்றன. இறுதியில் ஒரே ஒரு சொட்டு மிகும். அரை நிமிடம் மறையாமல் நிற்கும் அந்த மெல்லிய இளஞ்சிவப்பே முடிவுநிலை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிறத்தை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

குடுவை ஆறிவிட்டால் வினை மந்தமாகி, முடிவுநிலை வருமுன்னரே வந்ததுபோல் ஏமாற்றும். இதையும் அவளிடம் சொல்லிவிட்டு அளவீட்டுப் பட்டியலைப் பார்த்தேன். மூன்று வரிசைகள், இரண்டாவதும் மூன்றாவதும் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருந்தன.

"மூன்றாவது முறை செய்து பார்த்தாயா?"

"இல்லை, ஐயா. நேரம் இல்லை. இரண்டாவதையே எழுதிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்."

உடனே கண்டிக்க வாய் வரவில்லை. அதன் காரணத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

1987இல் நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்தேன். ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு பர்னர். என்னோடு நின்றவன் விடுதித் தோழன், தகப்பனில்லாதவன், மெஸ் கட்டணத்துக்காகச் சனிக்கிழமைகளில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோத்தவன். ஒருநாள் இதே தரம்பார்த்தல். இருவருக்கும் ஒரே கரைசல். நான் ஒருமுறை செய்தேன், 18.4 வந்தது. பக்கத்து மேசையில் 18.6 என்று பேசிக்கொண்டார்கள். மிச்சத்தை நான் செய்யவில்லை. 18.5, 18.6, 18.6 என்று எழுதிவிட்டு, பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். முதல் அளவீட்டைச் சற்று விலக்கி எழுதினால்தான் உண்மைபோல் தோன்றும் என்று கணக்கிட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பொய்யிலும் அத்தனை நுட்பம்.

அவனோ நான்கு முறை செய்தான். அன்று எரிவாயு மிகக் குறைவாக வந்தது. நான் பர்னரை நெடுநேரம் பிடித்துவைத்திருந்ததால், தொலைவிலிருந்த மற்றொரு பர்னரில் குடுவையைச் சூடாக்கி எடுத்துவந்தான், வருவதற்குள் ஆறிவிடும். சிலமுறை முந்தி நிறுத்தினான், சிலமுறை கடந்துபோனான். 17.9, 18.8, 18.3, 19.0. கண்டதைக் கண்டபடி எழுதினான்.

பேராசிரியர் இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். என் நோட்டை அவன்பக்கம் திருப்பி, "இதைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்றார். சனிக்கிழமை காலை வந்து மறுபடி செய்யவேண்டும் என்று கட்டளையிட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமைக் கூலி அவனுக்குப் போயிற்று. எனக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான் இழப்பு. அதையும் நான் ஈடுசெய்யவில்லை.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் இறுதியில் தராசையும் எடைக்கல்லையும் படியையும் குறித்த கட்டளை இருக்கிறது. அதைப்பற்றிப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். வியாபாரிகளை நோக்கியே பிரசங்கித்திருக்கிறேன். பீடத்தில் நிற்கும்போது பியூரெட் என் நினைவுக்கு வந்ததில்லை. வரவிட்டதில்லை என்பதே சரி.

அன்று அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த அண்ணனிடம் பிறகு சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று.

அவன் இப்போது வேறு மாவட்டத்தில், தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெறும் வயதில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்வோம். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். ஜெபவேண்டுதல் ஏதாவதா என்று கேட்டான். இல்லை என்று சொல்லி, அந்த மூன்று எண்களைப் பற்றிச் சொன்னேன்.

கூலியை அவன் மறந்தே போயிருந்தான். ஆனால் வேறொன்றைச் சொன்னான். அந்த நாளுக்குப் பிறகு தன் கை நிதானமற்றது என்று நம்பத் தொடங்கினானாம். சனிக்கிழமை மறுபடி செய்தபோது 18.6 சரியாகவே வந்தது. அதையும் தற்செயல் என்றே எண்ணினானாம். அதன்பின் ஆண்டு முழுவதும், தன் அளவீட்டை எழுதுமுன் என் நோட்டை எட்டிப்பார்த்து, அதற்கு ஏற்றபடி திருத்தி எழுதினானாம். "உன்னுடையதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றான்.

நான் திருடியது ஒருநாள் கூலி என்றல்லவா எண்ணியிருந்தேன். மன்னித்துக்கொள் என்றேன். சற்று நேரம் இருபுறமும் பேச்சில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் மனைவியின் முழங்கால் வலியைப்பற்றி விசாரித்தான். பேரன் பிறந்திருப்பதைச் சொன்னான். அடுத்த மாதம் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தபின், அந்த மாணவி வாசலருகே நின்று நோட்டைக் காட்டினாள். மூன்றாம் வரிசையைக் கோடிட்டு அடித்து, மேலே புது எண் எழுதியிருந்தாள். அது இரண்டாவதோடு ஒத்துவரவில்லை, 0.3 வித்தியாசம். ஆசிரியை நான்காவது முறையும் செய்யச் சொல்லியிருக்கிறாராம், செவ்வாய்க்கிழமை. குடுவையை எவ்வளவு நேரம் சூடாக்கினாய் என்று கேட்டேன்.