ராஜாவுக்கும் கடைசித் தவணை வரவில்லை

நாக்பூர் வெயிலில் லோன் ஃபைல் புரட்டுகிற ஆள், வேல்ஸ் மழையில் கூடாரத்துக்குள் குந்தி உட்கார்ந்து உப்புமா கிண்டுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எல்லாம் மச்சினன் வேலை. மான்செஸ்டரில் இருக்கிறான். "ஓட்டல் எதுக்கு மாமா, கேம்பிங் போவோம்" என்றான். போனோம்.

ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை. புல்வெளி, ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறை, சுற்றிலும் ஆடுகள். ஜூன் மாதம், ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். அதற்கப்புறம் விடிய விடிய 'மே'. தங்கமணி கேட்டது ஒரே கேள்விதான்: "இதுக்கா விசா எடுத்து வந்தோம்?"

முதல் நாள் கான்வி. 1826இல் திறந்த மெனாய் தொங்கு பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். ரோட்டில் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்லோ', வேல்ஸ் மொழியில் 'அராவ்'. பையன் 'அராஃப்' என்று படிக்க, கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே திருத்தினார். இவ்வளவு பக்கத்தில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மொழியைக் காப்பாற்றியிருக்கிறார்களே என்று மனசுக்குள் ஒரு சல்யூட்.

1282இல் வேல்ஸ் இளவரசர் லெவெலின் கொல்லப்பட்ட பிறகு, இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் வரிசையாகக் கட்டிய கோட்டைகளில் கான்வியும் ஒன்று. 1283இல் ஆரம்பித்து 1287இல் முடித்துவிட்டார்கள். எட்டுக் கோபுரம். ஊரைச் சுற்றியும் சுமார் 1.3 கிலோமீட்டர் மதில், அதில் 21 கோபுரம். மதில் மேலேயே நடக்கலாம். "ஊருக்கு எதுக்குப்பா மதில்?" என்றான் பையன். உள்ளே குடிவைத்தது ஆங்கிலேயர்களை, வெளியே தள்ளியது வேல்ஸ்காரர்களை என்று சொன்னேன். அப்புறம் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் போமாரிஸ். என்னைக் கட்டிப்போட்டது இதுதான். அகழி, வெளிமதில், உள்மதில், எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் கோபுரங்களுக்குத் தலை இல்லை. இடிந்து விழவில்லை, கட்டி முடிக்கவே இல்லை.

காரணம்? நம்ம சப்ஜெக்ட்தான், பணம். எட்வர்டின் பேங்கர்கள் இத்தாலியில் லூக்கா ஊரைச் சேர்ந்த ரிக்கார்டி கம்பெனிக்காரர்கள். கடனுக்கு ஈடாக 1275லிருந்து கம்பளி ஏற்றுமதிச் சுங்கத்தை வசூல் பண்ணிக்கொண்டார்கள். (எங்கள் கூடாரத்தைச் சுற்றிக் கத்தியது வெறும் ஆடு இல்லை, செக்யூரிட்டி!) 1294இல் பிரான்சோடு சண்டை. கேட்ட தொகையை அவர்களால் திரட்ட முடியவில்லை. ராஜா அவர்கள் சொத்தையே கைப்பற்றிவிட்டார். அடுத்த வருஷம், 1295இல், போமாரிஸுக்கு அஸ்திவாரம்!

1296 பிப்ரவரியில் தலைமைக் கொத்தனார் ஜேம்ஸ் கஜானாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 400 கொத்தர்கள், 2,000 கூலியாட்கள், வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும். கூலி பாக்கி, ஆட்களை நிறுத்திவைக்க முடியவில்லை. கடவுளுக்காகச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று கெஞ்சுகிறார். பணம் ஸ்காட்லாந்து சண்டைக்குப் போய்விட்டது. இழுத்து இழுத்து 1330 வாக்கில் வேலை நின்றேபோனது.

இதைப் படித்ததும் எனக்கு வேறொரு குரல் கேட்டது.

சில வருஷங்களுக்கு முன், வேறொரு கிளையில், ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார். மேஸ்திரி பணத்தோடு ஓடிவிட்டான். கொடுத்த தவணைக்குத் தகுந்த வேலை நடக்கவில்லை என்று இன்ஜினியர் ரிப்போர்ட். விதிப்படி அடுத்த தவணையை நிறுத்தினேன். திங்கட்கிழமைதோறும் வருவார். "சாஹேப், கூரை மட்டும் போட்டுட்டா குடிபோயிடுவேன். இல்லேன்னா போட்டதெல்லாம் மழையில போயிடும்" என்பார். ஏறக்குறைய ஜேம்ஸின் அதே வார்த்தை.

நான் செய்தது தப்பில்லை. ஆனால் விதிவிலக்கு கேட்டு மேலிடத்துக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதியிருக்கலாம். அதற்கு வழி இருந்தது. ஆடிட் வருகிற நேரம், எதற்கு வம்பு என்று எழுதவில்லை. எனக்கும் மாற்றல் வந்துவிட்டது.

அகழி ஓரம் உட்கார்ந்து தங்கமணியிடம் சொன்னேன். "ஊருக்குப் போனதும் என்னாச்சுன்னு கேளுங்க" என்றாள்.

வந்ததும் பழைய கிளைக்குப் போன் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொன்னார்கள். பாதிக் கட்டடத்தோடு மனையை விற்று, வட்டியோடு முழுக்க அடைத்துவிட்டாராம். கணக்கு முடிந்தது, ஒரு பைசா பாக்கியில்லை.

புத்தகப்படி அருமையான கணக்கு. எனக்குத்தான் நேராகவில்லை.

கொசுறு: போகிறவர்கள் ஜூனானாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். காதில் வைக்கப் பஞ்சும்.