ஒரு சீப்புப் பழம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். என் மகள் ஒவ்வொன்றையும் சத்தம்போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பதினாலோ பதினைந்தோ எண்ணும்போது குரங்குகள் வந்துவிட்டன. எண்ணிக்கை அதோடு விட்டுப்போனது.

தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாட்டுக்குரங்குகள். "பாவம், வாயில்லா ஜீவன். நிறுத்து கண்ணு" என்றார் அம்மா. அதற்கென்றே கீழே ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கி வைத்திருந்தார். அன்று சனிக்கிழமை வேறு, ஆஞ்சநேயருக்கே கொடுத்த மாதிரி. உணவு கொடுக்காதீர்கள் என்ற வனத்துறைப் பலகையை வழியில் நான் படித்துத்தான் இருந்தேன். இருந்தும் நிறுத்தினேன். ஒரு தாய், வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு நடுரோட்டுக்கு வந்து பழத்தைப் பிடித்தது. மகள் கைதட்டினாள். நான் வீடியோ எடுத்தேன்.

மறுநாள் மாலை இறங்கும்போது ஒரு வளைவில் இரண்டு கார்கள் நின்றிருந்தன. சாலையில் வளராத குரங்கு ஒன்று கிடந்தது. பக்கத்தில் பிரித்த சிப்ஸ் பாக்கெட். "யாரோ வீசிட்டுப் போனதை எடுக்கக் குறுக்க பாஞ்சிருச்சுங்க, பிரேக் பிடிக்கல" என்றார் காரை ஓட்டி வந்தவர். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய குரங்கு ஒன்று அதன் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நாம பழம் போட்டமே, அந்தக் குரங்கா?"

"இல்லடா, அது வேற" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? பொள்ளாச்சி வரும்வரை அம்மா பேசவே இல்லை.

காட்டில் இந்தக் குரங்குகளுக்கு வேலை நிறைய. அத்திப்பழம், தளிர், பூச்சி என்று தேடிப் பகல் முழுக்க அலைய வேண்டும். கிடைத்த பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டையைத் துப்பும்; மரம் அப்படியும் பரவுகிறது. சாலையோரத்தில் அலைய வேண்டியதில்லை. வளைவில் கியர் இறங்கும் சத்தம் கேட்டால் போதும், சாப்பாடு வருகிறது. நாம்தான் அதைப் பழக்கினோம். பிறகு ஒருநாள் அது குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கும். உடனே 'குரங்குத் தொல்லை' என்று மனுக் கொடுப்போம். கூண்டு வரும். பழக்கமில்லாத ஏதோ ஒரு காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த இடத்து மரம் எது, தண்ணீர் எங்கே என்று அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சாலைதான், அதைத் தேடி வரும்.

அதே வால்பாறையில், புதுத்தோட்டம் அருகே, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் தரையிறங்காமல் கடக்கட்டும் என்று. அவை சாலைக்கு வரும் நேரங்களில் வண்டிகளை மெதுவாகப் போகச்சொல்ல ஆட்களும் நிற்கிறார்கள். நாங்கள் அதைக் கடந்துதான் போயிருந்தோம். மகளுக்கு அந்தப் பாலத்தைக் காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசிக்கிற எதற்கும் கொடுக்காமல் சாப்பிட்டவர் இல்லை அவர். வாசலில் காக்கைக்கு வைத்த கை, மலையிலும் அப்படியே நீண்டது. பலகையைப் படித்தவன் நான். அம்மாவிடம் முகம் கோணாமல் 'வேண்டாம்மா' என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குச் சோம்பல்பட்டேன். போதாததற்கு வீடியோ நன்றாக வந்திருந்தது.

இந்த வருடம் மறுபடி போனோம். பழம் வாங்கவில்லை. வளைவில் வேகம் குறைந்ததும் ஒரு குரங்கு ஓடிவந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்தாதே கண்ணு, போ" என்றார். குரல் அடைத்திருந்தது.

சிறிது தூரம் கூடவே ஓடிவந்தது. பிறகு நின்று, பின்னால் வந்த காரைத் திரும்பிப் பார்த்தது. ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் காரின் ஜன்னல் இறங்கிக்கொண்டிருந்தது.