மூன்று தலைமுறைப் பெயர்கள்

மனிதனுக்குப் பாடம் சொல்லும் பள்ளிகள் பல. அவற்றுள் சாவு வீடும் ஒன்று. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்து வேரூன்றிவிட்ட நம் போன்ற குடும்பங்களுக்கு அப்பள்ளி சொல்லித்தரும் பாடங்கள் சற்றே வேறானவை. 2023ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில் எங்கள் பெரியப்பா மறைந்தபோது அவற்றுள் சிலவற்றை நாங்கள் கற்றோம்.

நல்லதற்கு அழைத்தால் போகவேண்டும். துக்கத்திற்கு அழையாமலே போகவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கு. ஆனால் சென்னைக்கும் டில்லிக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஊரிலிருந்து விமானத்தில் வந்து சேர முடிந்தவர் இருவரே. யமுனைக் கரையில் நிகம்போத் காட்டுக்குச் சென்றபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுள் அண்டை வீட்டுப் பஞ்சாபியர் இருவர். மாடி வீட்டு வங்காளி ஒருவர். நாங்கள் வாய்க்கரிசி இடுவதைக் கண்ட அம்முதியவர், யாரும் சொல்லாமலே தாமும் ஒரு பிடி அரிசியுடன் வரிசையில் வந்து நின்றார். சுற்றம் என்பது குருதியால் மட்டும் அமைவதன்று என்பதை அன்று கண்டோம்.

பெரியப்பா மைய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளோடு வாழ்ந்தவர், தமக்கென்றும் ஒரு கோப்பு வைத்திருந்தார். பெரியம்மாவின் பெயர் குறித்த ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்குகள், வாரிசு நியமனங்கள் யாவும் அதில் வரிசையாக இருந்தன. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும் என்ற குறிப்பும் அவர் கையெழுத்திலேயே இருந்தது. துயரில் ஆழ்ந்திருந்த பெரியம்மா எந்த அலுவலகத்தின் முன்னும் கலங்கி நிற்க நேரவில்லை. அன்பு என்பது சில வேளைகளில் ஒழுங்காகத் துளையிட்டுக் கட்டப்பட்ட காகிதக் கட்டாகவும் இருக்கும்.

அஸ்தியைக் கரைக்க ஹரித்வார் சென்றோம். அங்குள்ள பண்டாக்கள் வரும் குடும்பங்களின் வமிசாவளியை நீண்ட ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வருபவர்கள். எங்கள் சொந்த ஊரையும் மூன்று தலைமுறைப் பெயர்களையும் கேட்டார் ஒருவர். பெரியப்பாவின் மகன் தந்தை பெயரைச் சொன்னார். பாட்டனார் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கோப்பிலும் அது இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் எண்பது வயது அத்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். அத்தை ஒரு கணமும் தயங்காமல் பெயரைச் சொன்னார். அவர் நட்ட மாந்தோப்பையும் சொன்னார். பிறகே அழுதார்.

அரசாங்கப் படிவம் தந்தை பெயரோடு நின்றுவிடுகிறது. ஆற்றங்கரையோ மூன்று தலைமுறையைக் கேட்கிறது. அக்கேள்விக்கு விடை சொல்ல இன்று ஊரில் ஓர் அத்தை இருக்கிறார். நம் பிள்ளைகள் கேட்கப்படும் நாளில் யார் இருப்பார்?

வீடு திரும்பியதும் எங்கள் வீட்டிலும் ஒரு கோப்பு தொடங்கினோம். அதன் முதல் தாளில் முன்னோர் பெயர்களையும் ஊரையும் தமிழில் எழுதி வைத்தோம். பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்தோம். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், கோயில் பிரசாதத்தோடு பெரியோர் நினைவில் உள்ள பெயர்களையும் கேட்டு வாங்கி வருவார்களாக.