ஒழுங்கைகளை இணைப்போம்

எமது கல்லூரியை நினைக்குந்தோறும் என் நெஞ்சில் முதலில் எழுவது வகுப்பறையன்று; வாயிலருகே வரிசையாய் நின்ற துவிச்சக்கரவண்டிகளே. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில் யாழ்ப்பாணமே அவ்வண்டிகளின்மீது இயங்கிற்று. நோயாளரும் விறகும் நெல்மூடையும் அவற்றிலேயே சென்றன. துயர் மலிந்த அந்நாட்களிலும் மோட்டார் வாகனத்துக்கு அஞ்சி நாம் வீதியோரம் ஒதுங்கியதில்லை.

போர் முடிந்தபின் பெருவீதிகள் அகன்றன, வாகனங்கள் பெருகின, வேகமும் மிகுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் மூத்த மகன் பள்ளி செல்லும் வழியில் பஸ் ஒன்றுக்கு இடங்கொடுத்து ஒதுங்கியபோது வெள்ளவாய்க்காலில் வீழ்ந்து காலொடிந்தான். அவன் தம்பியை அவள் இன்றுவரை வண்டியேற விட்டாளில்லை. அவளைக் குறைகூற என் நா எழவில்லை.

இத்தகைய அச்சம் ஒல்லாந்திலும் இருந்தது. 1971ஆம் ஆண்டில் அங்கு வீதி விபத்துக்களில் இறந்தோர் ஏறக்குறைய 3,300 பேர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். 1973இன் எண்ணெய் நெருக்கடி அவர்தம் குரலுக்கு வலுவூட்டிற்று. முதலில் ஹேக், தில்பேர்க் ஆகிய நகர்களிற் சிறந்த தனிப்பாதை ஒவ்வொன்று அமைக்கப்பட்டது. ஆயின் தனிப்பாதை முடியுமிடத்தில் பழைய ஆபத்தே காத்திருந்தது. பின்னர் டெல்ஃப்ட் நகரம் வேறு வழி கண்டது. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் அந்நகரினதே. நகரம், வட்டாரம், அயல் என மூன்று நிலைகளில் சிறு தெருக்களையும் சேர்த்து, அறுபட்ட இடங்களைப் பாலங்களாற் பொருத்தி, பாதைகளை வலைபோற் பின்னினர்.

எமக்கோ அவ்வலையை முன்னோரே பின்னிவைத்துள்ளனர். பலாலி வீதிக்கும் காங்கேசன்துறை வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளை நோக்குக. அங்கே பெருவேகம் இல்லை. ஆயினும் ஒழுங்கை பெருவீதியை அடையுமிடத்தில் மாணாக்கன் தனித்து விடப்படுகிறான். அங்கே கடவையும் வேகத்தடையும் வேண்டும். ஒழுங்கைகளுக்கு வெளிச்சமும் செப்பமான தளமும், வாய்க்கால்களுக்கு மூடியும் வேண்டும். பெருவீதியில் வெண்கோடு கீறுதல் மட்டும் போதாது. அக்கோட்டின்மேல் வாகனம் நிறுத்தப்படின், பிள்ளை நடுவீதிக்கே தள்ளப்படுவான்.

விழாக் காலத்தில் மண்டபம் எழுப்ப எண்ணுதல் பழைய மாணவர் இயல்பு. எம்முட் பொறியியலாளரும் நில அளவையாளரும் உளர். கல்லூரிக்கு ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள் அமைந்த ஒழுங்கைகளை மாணவருடன் சேர்ந்து அளந்து, படம் வரைந்து, மாநகரசபைக்கு அளிப்போமாக. என் தங்கை தன் இளைய மகனை அச்சமின்றி வண்டியில் அனுப்பும் நாளே எனக்கு விழாநாள்.